நூறு நாள் வாக்கியம்: ஒரு திருத்தம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவிடம் படித்தவர்களும் இதில் அக்காவின் படத்தையும், உடன் பணியாற்றிய ஆசிரியைகள் அனுப்பிய நினைவுகளையும் காண்பீர்கள். உடன்பிறந்தவன் என்ற முறையில் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நாளிதழ் ஒன்றில் முப்பத்தோர் ஆண்டு உதவி ஆசிரியராக இருந்தவன், ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவான் என்று மச்சான் நினைத்தார். எட்டு மாதம் ஆயிற்று.

தாமதத்துக்குக் காரணம் ஒரு வாக்கியம். சின்னமனூர் வட்டாரத்தில் அக்காவுக்கு 'நூறு நாள் டீச்சர்' என்று ஒரு பெயர் உண்டு. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம், நூறு நாள் வீட்டுப் பக்கம் திரும்பாதீர்கள் என்று அக்கா சொன்னதால் வந்த பெயர். அக்கா அதைச் சொன்னது உண்மை. எழுதிக் கொடுத்தவன் நான். அக்கா இதைக் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தால் ஒரு வீட்டில் நடந்ததை அக்கா மட்டும் சுமந்தார். அதைச் சரி செய்யவே இந்தக் கட்டுரை.

அக்கா பிறந்தது வைகை அணைக் குடியிருப்பில். அப்பாவுக்கு அணையில் மதகு திறந்து மூடும் வேலை. நீர்மட்டம் ஏறி அபாயச் சங்கு ஊதும் நாட்களில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வழியே கீழே போவார். கேரியரில் அக்கா. அம்மா சலித்துக்கொள்வார்.

"அதான் சங்கு ஊதியாச்சுல்ல, பெறகு எதுக்கு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு அலையிறீக?"

"நமக்குக் கேட்டுச்சு. துணி துவைக்கிறவுகளுக்குக் கேட்டுச்சான்னு தெரிய வேணாமா?"

அக்கா கணிதம் படிக்க மதுரைக்குப் போனார். குடியிருப்பிலிருந்து கல்லூரி விடுதிக்குப் போன முதல் பெண் அவர். இரண்டு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் ஊருக்கு வந்தார். ஆண்டிபட்டியில் அப்பா சைக்கிளோடு நிற்பார். ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. விடுதியிலிருந்து கண்டித்து ஒரு கடிதம் வந்தது. அதை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. அப்பா இரண்டு பேருந்து பார்த்துவிட்டு வீடு திரும்பி, "பிள்ளைக்கு அங்கன பழகிருச்சு" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வாரா வாரம் ஓடி வந்து, அப்படி வந்ததனாலேயே நிலைத்து நின்றவர் அக்கா. எனக்கு அது தெரியும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆண்டிபட்டிக்கு அப்பாவோடு நானும் போயிருக்கிறேன்.

படிப்பு முடிந்தபின் ஒன்பது ஆண்டுகள் தனியார் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தார். இடையில் திருமணம். மச்சானுக்குச் சின்னமனூர் கடைவீதியில் பாத்திரக்கடை. ஒரே மகள். மகளுக்கு ஐந்து வயதானபோது அரசு வேலை கிடைத்தது. முதலில் வருசநாட்டுப் பக்கம், பிறகு உள்ளூரிலேயே பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

அக்கா சிரித்து வகுப்பில் யாரும் பார்த்ததில்லை என்பார்கள். வீட்டில் நாங்களும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கணக்கில் தவறிய பிள்ளைகளைப் பள்ளி முடிந்தபின் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். ஒரே கணக்கை நான்கு முறை கேட்டால் நான்கு முறையும் அதே குரலில், முதல் முறை சொல்வதுபோலச் சொல்வார். ஐந்தாவது முறை கேட்டால், "நான் சொல்றதுலதான் கோளாறு" என்று வேறு வழியில் தொடங்குவார்.

பிளஸ் டூ வகுப்பாசிரியை ஆன ஆண்டு, பிரிவு உபசார விழாவில் ஐந்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பெற்றோர்களும் வருகிற விழா. அக்காவுக்கு மேடைப்பேச்சு வராது. தேனியிலிருந்த எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, காலேஜுக்குப் போற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை நல்லதா எழுதிக் குடு."

மாவட்டப் பக்கம் முடிக்கும் நேரம். இரண்டு செய்திகளுக்கு நடுவே, செய்தி அச்சான தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பெரும்பாலும் வழக்கமான வார்த்தைகள்: கைப்பேசியைக் குறைவாகப் பாருங்கள், விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். நடுவில் இது:

'கவாத்து வெட்டிய கொடியை விவசாயி தொட்டுப் பார்ப்பதில்லை. நூறு நாள் காத்திருக்கிறார். பிள்ளைகளே, நூறு நாள் வீட்டுப் பக்கம் திரும்பாதீர்கள். பெற்றோர்களே, நூறு நாள் கொடியைத் தொடாதீர்கள். பழம் தானே வரும்.'

கவாத்து என்பது திராட்சைக் கொடியின் பழைய கிளைகளை வெட்டிவிடுவது. இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. வெட்டி நூறு, நூற்றிருபது நாளில் பழம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு முறை ஓடைப்பட்டி வழியாகப் போனபோது பேருந்துச் சன்னலில் ஒரு பந்தலைப் பார்த்திருந்தேன். மொட்டையாக வெட்டிய கொடிகள். ஆள் யாருமில்லை. மணி பகல் பன்னிரண்டரை இருக்கும். சாப்பிடப் போயிருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது.

மறுநாள் அக்கா மீண்டும் அழைத்தார்.

"இது சரியா வருமாடா? நான் வாரா வாரம் ஓடியாந்தவ. நூறு நாள் வராதீகன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அதை எதுக்கு நீ மேடையில சொல்றே? பேச்சுக்கு இதுதான் எடுப்பா இருக்கும்."

"கொடியைத் தொடவே மாட்டாகளா?"

"மாட்டாகக்கா."

அக்கா அதைப் பேசினார். எடுப்பாகத்தான் இருந்தது. பெற்றோர்கள் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டும் அதையே பேசச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த பள்ளிச் சுற்றுச்சுவரில் நீலப் பெயிண்டில் அந்த வரிகளை முழுதாக எழுதி, கீழே அக்காவின் பெயரைப் போட்டார்கள். நூறு நாள் டீச்சர் என்ற பெயர் அப்போது வந்ததுதான். மச்சான் கடையில் ஒரு கிராமத்துப் பெண் வந்து, "நூறு நாள் வேலைக்கு அட்டை போட்டுத் தர்ற டீச்சர் வீடு இதானே?" என்று கேட்டதை மச்சான் பல நாள் சொல்லிச் சிரித்தார். அந்த வார்த்தையால் விடுதியில் தங்கிப் படித்து முடித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை.

பவித்ரா, அக்கா அந்தப் பேச்சைப் பேசிய ஏழாம் ஆண்டு மாணவி. ஓடைப்பட்டியில் தந்தை தங்கராசு, தாய் ராசாத்தி. ஒரு ஏக்கர் திராட்சை, இருவரும் அதில்தான். பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் இடம் கிடைத்தது. பிரிவு விழாவுக்கு ராசாத்தி வந்திருந்தார். முன்வரிசை. டீச்சர் மேடையில் தங்கள் கொடியைப் பற்றிப் பேசியதை ஊருக்குள் எல்லோரிடமும் சொன்னார்.

பவித்ரா விடுதிக்குப் போன ஐம்பதாம் நாள் வாக்கில் ராசாத்திக்கு உடம்பு முடியாமல் போனது. மஞ்சள் காமாலை என்று நினைத்து நாட்டு மருந்து கொடுத்தார்கள். தேனியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கல்லீரல் மிகவும் கெட்டிருந்தது. பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நூறு நாள் முடியட்டும், வந்து பார்த்துக்கொள்ளட்டும். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மகளுடன் பேசினார். பின்னால் கேட்கும் சத்தம் என்ன என்று மகள் ஒரு நாள் கேட்டதற்கு, "தோட்டத்துல ஆள் வந்திருக்காக" என்றார். சத்தம், வார்டில் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னது.

எண்பத்தெட்டாம் நாள் பவித்ரா அக்காவுக்குப் போன் செய்தார். மதிய இடைவேளை. அக்கா ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை அக்கா என்னிடம் பலமுறை சொன்னார். ஒரு சொல்லும் ஒருமுறைக்கு ஒருமுறை மாறியதில்லை.

"டீச்சர், அம்மா பேசுறது ஒரு மாதிரி இருக்கு. பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்குது. ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போகட்டுமா?"

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"எம்பத்தெட்டு டீச்சர்."

"இம்புட்டு நாள் இருந்துட்டேல்ல. இன்னும் பன்னெண்டு நாள்தானே தாயி. பொறுத்துக்க."

"சரிங்க டீச்சர்."

தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை ராசாத்தி இறந்துபோனார். பவித்ரா வந்து சேர மாலையாயிற்று. அதுவரை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

அக்காவுக்குச் செய்தி தாமதமாகத்தான் தெரிந்தது. ஏழாம் நாள் என்னை வரச்சொல்லி, இருவரும் ஓடைப்பட்டிக்குப் போனோம். வீட்டில் தங்கராசு இல்லை. தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். துக்கம் நடந்த வீட்டுக்காரர் ஏழாம் நாளே தோட்டத்துக்குப் போவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பவித்ரா உள்ளேயிருந்து வந்தார். அக்காவைப் பார்த்ததும் பள்ளியில் நிற்பதுபோல நின்றார். நான் அழுகையை எதிர்பார்த்தேன்; கோபத்தையும் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"நாளையோட நூறு டீச்சர்" என்றார். "நான் காலேஜுக்குப் போகட்டுமா, இங்கன அப்பாகூட இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

அக்கா வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியலை தாயி."

பிறகு தோட்டத்துக்குப் போனோம். தங்கராசு பந்தலுக்கு அடியில் அண்ணாந்து, வெட்டிய கொடியில் தளிர் வரும் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு வந்தார். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "இன்னைக்கே வேலைக்கு வந்துட்டீங்களே" என்றேன்.

"என்ன சார் செய்யிறது. ஆஸ்பத்திரிக்கும் இங்கனைக்குமா அலைஞ்ச நேரத்துல வெட்டுனது. வெட்டிப் பதினோரு நாளாச்சு. மழையா வேற இருக்கு. ஒரு நாள் பாக்காம விட்டா தளிர் அம்புட்டும் கருகிப்போகும்."

"வெட்டுன கொடியைத் தொட மாட்டீங்கன்னு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்பவர் பார்வை.

"அதை நானே உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். காய் பெருத்த பெறகு ரெண்டு நாள் விட்டாக்கூட ஒண்ணுமில்லை. வெட்டுன மறுநாள்லேருந்துதான் தினம் வந்து நிக்கணும். மருந்து தடவணும், பூச்சி பாக்கணும், தளிரை எடுத்துக் கம்பியில கட்டணும். நூறு நாளும் கொடிக்குக் கீழதான் கெடப்போம். வீட்டுல அவ பேச்சைக் கேட்டுட்டு வந்து சொன்னப்ப, 'ஏண்டி, டீச்சர் தப்பால்ல சொல்லியிருக்காக'ன்னேன். அவளுக்கும் தெரியும். அவ கட்டாத தளிரா? 'டீச்சர் சொன்னா அதுல வேற அர்த்தம் இருக்கும், ஒமக்கு என்ன தெரியும்'னுட்டா."

அவர் ஒரு கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"கொடி விசயம் ஒங்களுக்கு யாரு டீச்சர் சொன்னா?"

நான் அக்காவுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லலை. நானாச் சொன்னதுதான்."

அவர் தலையாட்டிவிட்டு மீண்டும் பந்தலைப் பார்த்தார். பத்திரிகையில் ஊர்ப்பெயர் தப்பாக வந்தாலும் மறுநாள் திருத்தம் போட்டவன் நான். அந்தப் பந்தலின் கீழே நின்று, 'எழுதியது நான்' என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொல்லவில்லை. திரும்பும் வழியிலும் அக்கா அதைப் பற்றிக் கேட்கவில்லை. பேருந்தில் ஒன்று மட்டும் சொன்னார்: "அந்தப் பிள்ளை 'சரி'ன்னு சொன்ன வேகம் இருக்கே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், தங்கராசு மகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடிவு செய்தார். அக்கா கூடப் போய் விடுதியில் விட்டுவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனார்.

அந்த ஆண்டுக்குப் பிறகு அக்கா பிரிவு விழாவில் பேசவில்லை. மேடையில் உட்காருவார், பெயரை அழைத்தால் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு அவர் வேலை தொடங்கும். சனிக்கிழமைதோறும் காலையில் பேருந்து ஏறுவார். மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருச்சி. நூறு நாளுக்குள் அந்த வகுப்பில் விடுதிக்குப் போன ஒவ்வொரு பெண்ணையும் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடுவார். விடுதி வாசலில் நின்று மூன்று கேள்விதான். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, என்கூட ஊருக்கு வருகிறாயா. மூன்றாவதற்குத் தயங்கினால் அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

திண்டுக்கல்லில் ஒரு முறை நானும் போனேன். மாடியிலிருந்து ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது கீழே கேட்டது.

"அடியே, கீழ பாரு. நூறு நாள் டீச்சரு. நம்மள ஊருக்கு வராதேன்னு செவத்துல எழுதிப் போட்டுட்டு, இவுக மட்டும் இங்கன வாராக."

அக்காவுக்கும் கேட்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பியதும் முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் சொல்லி, மச்சான் செலவில் ஆள் வைத்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார். இரண்டு பூச்சு. ஐப்பசி மழையில் சுவர் நனைந்தபோது நீல எழுத்து வெளியே வந்தது. மறுபடி அடித்தார். மறு ஆண்டு மழையில் மறுபடி வந்தது. எல்லா எழுத்தும் வராது. 'நூறு நாள்' என்பதும், கீழே அக்காவின் பெயரும் மட்டும் வரும். பள்ளிக்கு எதிரே பேருந்துக்கு நிற்கும்போது அக்கா சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

ஒவ்வோர் ஆண்டும் இன்னொன்றும் நடந்தது. மச்சானுக்கு முதலில் புரியவில்லை; பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கல்லூரி திறந்த எண்பத்தெட்டாம் நாள் அக்கா விடுப்பு எடுப்பார். வீட்டில்தான் இருப்பார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். குளிக்கப் போனாலும் அதை மகளிடம் கொடுத்து, "அடிச்சா உடனே எடு" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். மதியம் ஒன்றரை மணிக்கு மேல்தான் சாப்பிடுவார். பள்ளியில் மதிய இடைவேளை அதோடு முடிகிறது.

கல்யாண வீடுகளில், கடைவீதியில், பழைய மாணவிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நூறு நாள் வார்த்தைதான் டீச்சர் என்னைக் காப்பாத்துச்சு" என்பார்கள். அக்கா, "அப்படியா தாயி, நல்லாரு" என்பார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவுவார். நான் அருகில் இருந்தால் அன்று என்னிடம் அதிகம் பேசமாட்டார்.

பணி ஓய்வுக்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் சனிக்கிழமைப் பயணம் நடந்தது. பிறகு சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை தேனிக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. மகள் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து உடனிருந்தார். மச்சான் கடையை மதியத்தோடு மூடினார். நானும் முறை வைத்துப் போனேன்.

கடைசி வாரத்தில் அக்காவுக்கு நினைவு வந்து வந்து போனது. ஒரு பிற்பகல், நான் மட்டும் அருகில் இருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அக்கா வலது கையைக் காதில் வைத்தார். கையில் ஒன்றுமில்லை. கைப்பேசி மேசைமேல் அணைந்து கிடந்தது.

"சொல்லு தாயி" என்றார். சற்று நேரம் கேட்டார். எதிர்முனையில் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு தெளிவாக, வகுப்பில் பேசும் குரலில் சொன்னார்.

"கிளம்பி வா தாயி. நாளைப் பாக்காத. இப்பவே கிளம்பி வா."

கையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே பேச்சு. மூன்றாம் நாளும். நான் குறித்துக்கொண்டேன், குறித்துக்கொள்வது என் பழக்கம். மூன்று நாளும் மணி ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் இடையில். நான்காம் நாள் காலையில் அக்கா காலமானார்.

அக்கா இறந்த அன்று பவித்ரா கோயம்புத்தூரிலிருந்து வந்தார். அங்கேயே வேலை, கைக்குழந்தையோடு வந்திருந்தார். அன்றும் நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த பிறகு, சென்ற மாதம் போன் செய்தேன். சம்பவங்களைச் சரிபார்க்க என்று தொடங்கி, பேருந்துச் சன்னலில் ஒரு பந்தலைப் பார்த்ததை வைத்து எழுதியவன் நான் என்பதைச் சொன்னேன். எதிர்முனையில் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"கொடி விசயத்தை எழுதுறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் கேக்கலையா சார்?"

"கேக்கலைம்மா."

"எங்க அப்பா அங்கனதானே இருந்தாரு. பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

பெயர்களைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க. அம்மா பேரையும் போடுங்க" என்றார். "டீச்சர் எனக்காக நாலு வருசம் வந்தாக சார். ஒரு தடவைகூட எதுக்கு வர்றேன்னு சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை."

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும், ஊசி போட நரம்பு தேடிய ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்ட செவிலியருக்கும், வாரம் இருமுறை தேனிக்குக் கூட்டிப்போன வாடகை வண்டி ஓட்டுநருக்கும், அடக்கத்தின்போது பள்ளிக்கு விடுமுறை கேட்டு வந்து நின்ற ஆசிரியைகளுக்கும், எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தலின் கீழே ஒரு கேள்வி மட்டும் கேட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் விட்ட ஓடைப்பட்டி தங்கராசு அவர்களுக்கு நான் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கான பதில் கீழே உள்ளது.

திருத்தம்: 'கவாத்து வெட்டிய கொடியை விவசாயி தொட்டுப் பார்ப்பதில்லை' என்று பிளஸ் டூ பிரிவு விழாக்களில் சொல்லப்பட்டதும், பள்ளிச் சுவரில் எழுதப்பட்டதும் தவறு. வெட்டிய கொடியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். பிழை, விசாரிக்காமல் எழுதிக் கொடுத்த தம்பியுடையது. சுவரில் இருந்த பெயருக்கு உரியவருடையது அல்ல.

நம் உறவில் இந்த ஆண்டு நான்கு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று அவர்களுடைய பெற்றோர்கள் என்னிடம் கேட்டார்கள். அக்கா கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியும். அருகில் இருந்து மூன்று நாள் கேட்டேன். வீட்டு நினைப்பு வந்தாலும், போனில் அம்மா குரல் ஒரு மாதிரி இருந்தாலும், காரணம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி: கிளம்பி வா தாயி. நாளைப் பாக்காத. இப்பவே கிளம்பி வா.